தோள் தேயாத டயர்

மயிலாப்பூரில் வாடகைக்கு வீடு கிடைக்கும். பையனுக்கு வரன் கிடைக்கும். சிபாரிசு இருந்தால் மார்கழியில் முதல் வரிசை நாற்காலிகூடக் கிடைக்கும். கார் நிறுத்த இடம் மட்டும் கிடைக்காது. அதனால்தான் வைரவன் இடத்தை வாங்கினான். கார் அதோடு ஒட்டிக்கொண்டு வந்தது.

இடம், கச்சேரி ரோட்டுக்குப் பின்னால் ஒரு சந்தில், மயிலை அதிவேக மோட்டார் ரசிகர் சபாவுக்குச் சொந்தமான மைதானத்தில் இருந்தது. அதை மைதானம் என்று சொல்வது சபா மட்டும்தான். பதினொரு கார் நிற்கலாம். பன்னிரண்டாவது வந்தால் முதல் கார் தூங்குமூஞ்சி மரத்தில் ஏறிக்கொள்ள வேண்டும். ஸ்போர்ட்ஸ் கார் வைத்திருப்பவருக்குத்தான் அங்கே அனுமதி. அமரராகிவிட்ட ஓர் உறுப்பினரின் சிவப்புக் காரை அவர் குடும்பத்தார் விற்றபோது, வைரவன் ஓடிப்போய் முதல் ஆளாக நின்றான். தி.நகரில் பாத்திரக்கடை வைத்திருக்கும் குடும்பத்துப் பையன். தரமணியில் கம்ப்யூட்டர் வேலை. இடத்தின் அருமை தெரிந்தவன்.

இரண்டே கதவுள்ள கார் அது. தரையோடு தரையாக உட்கார்ந்திருக்கும். ஒவ்வொரு வேகத்தடையிலும் வயிறு உரசும். இருநூறு கிலோமீட்டர் வேகம் போகும் என்று சொல்லி விற்றார்கள். வைரவன் அதை மந்தைவெளி, அடையாறு, மத்திய கைலாஷ் என்று ஆட்டோக்களின் புகையைக் குடித்துக்கொண்டு தரமணிவரை தினமும் உருட்டிக்கொண்டு போனான். பக்கத்து சீட்டில் அவன் மனைவி லாவண்யா. அவளுக்கும் தரமணியில்தான் அலுவலகம். திருமயிலையிலிருந்து பறக்கும் ரயில் நேராக அங்கே போகிறதே என்று கேட்பீர்கள். லாவண்யாவுக்கு ஏழாம் மாதம். படி ஏறவே கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். பறக்கும் ரயிலுக்கு முதலில் நாம் பறக்கும் உயரத்துக்கு ஏற வேண்டும்.

ஆவணிக் கடைசியில் ஒரு நாள் சாலை நனைகிற அளவுக்குத் தூறியது. மத்திய கைலாஷ் சிக்னலில் வைரவன் பிரேக்கை மிதித்தான். கார் நிற்கவில்லை. வழுக்கிக்கொண்டே போய், முன்னால் நின்ற தண்ணீர் லாரியின் பின்பக்கத்துக்கு ஒரு ஜாண் இடைவெளியில் மனம் மாறி நின்றது. லாவண்யா இரண்டு கையாலும் வயிற்றைப் பிடித்துக்கொண்டிருந்தாள். அலுவலக வாசலில் இறங்கியதும்தான் பேசினாள்.

"டயர மாத்துங்க. மாத்துற வரைக்கும் இந்த வண்டில நான் ஏற மாட்டேன்."

அன்று மாலையே அடையாறில் அஸ்மத்துன்னிசாவின் டயர் கடைக்குப் போனான். அந்த அம்மாள் கல்லாவிலிருந்தே எட்டிப் பார்த்து, "நாலும் மொட்டை" என்றாள். ஆபீஸ் போக வர, மழையில் பிடிக்கிற மாதிரி, சத்தம் போடாத சாதாரண டயர் வேண்டும் என்றான் வைரவன். அவளும் எடுத்துவைக்கச் சொன்னாள். அதற்குள் முன்கண்ணாடியில் ஒட்டியிருந்த சபாவின் முத்திரை அவள் கண்ணில் பட்டுவிட்டது.

"சபா வண்டியா? ஐயோ, தொட மாட்டேன் சார். போன வருஷம் ஒருத்தருக்கு அவங்க அனுமதி இல்லாம மாத்திட்டேன். மறுநாளே இடத்தப் புடுங்கிட்டாங்க. மனுஷன் இன்னிக்கும் கார நிறுத்த இடம் தேடி சாந்தோம் பக்கம் சுத்திக்கினு கீறாரு. அனுமதி வாங்கினு வாங்க, அஞ்சு நிமிஷ வேலை."

அந்த ஐந்து நிமிஷ வேலைக்காக வைரவன் சபாவின் படி ஏறினான்.

காரியதரிசி ராகவேந்திரன் ஓய்வு பெற்ற தணிக்கையாளர். மேஜையில் வெற்றிலைப்பெட்டி மாதிரி ஒரு பழைய கார்பரேட்டரை வைத்திருந்தார். பேசும்போதெல்லாம் அதைத் தடவிக்கொடுப்பார்.

"டயர் மாத்தணுமா? பேஷா மாத்தலாமே. ஏன் மாத்தணும்?"

"தேஞ்சு போச்சு சார்."

"தேயறதுதானே அதோட தொழில்?"

"ஆபீஸ் போக வர வண்டி வழுக்குது சார்..."

ராகவேந்திரன் சட்டென்று கையை உயர்த்தித் தடுத்தார். பக்கத்து அறையில் யாராவது கேட்டுவிட்டார்களா என்று பார்த்தார். "அந்த வார்த்தையை இங்கே பேசப்படாது. ஆபீஸாவது! இது ஸ்போர்ட்ஸ் கார். மனுவிலே 'சஞ்சாரம்'னு எழுதுங்கோ."

"சார், நான் மணிக்கு இருபதுதான் போறேன். அதுக்கு மேல போக முடியல."

"யாரால முடியறது? நானே என் வண்டியில மூணாவது கியரைப் பார்த்து ஆறு வருஷம் ஆச்சு. இருக்கட்டுமே. வேகம்ங்கறது போறதுல இல்லே வைரவன். போகலாம்ங்கற யோக்யதையில இருக்கு. அந்த யோக்யதையைக் காப்பாத்தத்தான் சபா இருக்கு. டயர் நிர்ணயக் குழு ஏகாதசி கழிச்சுக் கூடும். வண்டியோட வாங்கோ."

அதுவரை லாவண்யா மாநகரப் பேருந்தில் போனாள். கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நிற்பதும், யாராவது எழுந்தால் உட்காருவதுமாக. கர்ப்பிணியைப் பார்த்ததும் சிலர் எழுந்தார்கள். பலருக்கு உடனே தூக்கம் வந்தது.

குழு கூடியது. மரத்தடியில் மூன்று பிரம்பு நாற்காலிகள். நடுவில் தலைவர் மாணிக்கவாசகம், ஒரு காலத்தில் வங்கி மேலாளர். கடன் கேட்டு வந்தவர்களைப் பார்த்த பார்வை இன்னும் கலையவில்லை. இடப்பக்கம் ராகவேந்திரன். வலப்பக்கம் அம்பி. அம்பிக்குக் கார் கிடையாது, லைசென்சும் கிடையாது. அவர் டயர் விமரிசகர். நாற்பது வருஷமாக டயர்களைப் பற்றி எழுதியும் பேசியும் வருகிறார். தான் ஓட்டாததாலேயே தன் தீர்ப்பில் கறை படவில்லை என்பது அவர் கட்சி.

எஞ்சினை அணைத்துவிட்டு வாட்ச்மேன் காரைத் தள்ளினார். மூவரும் கண்ணை மூடிக்கொண்டு டயரின் ஓசையைக் கேட்டார்கள். மாணிக்கவாசகம் தொடையில் தாளம் போட்டார். கார் மரத்தடி வரை வந்ததும் "ம்ச்" என்றார் அம்பி. ஒருமுறை பின்னால் தள்ளிவிட்டு மறுபடியும் தள்ளச் சொன்னார். வாட்ச்மேனுக்கு மூச்சு வாங்கியது. அந்தச் சத்தம் அம்பிக்கு இடைஞ்சலாக இருந்ததால், மூச்சு விடாமல் தள்ளச் சொன்னார்.

பிறகு எழுந்து வந்து டயரைத் தடவிப் பார்த்தார். ஆபரேஷன் தியேட்டரிலிருந்து வெளியே வந்த டாக்டரின் முகம் அவருக்கு வந்துவிட்டது.

"நடுவுல மொட்டை. தோள் அப்படியே இருக்கு."

டயரின் வெளி ஓரத்துக்குச் சபாவில் தோள் என்று பெயர்.

"நேரா போயிருக்கான், நேரா வந்திருக்கான். வளைவுல வேகமாத் திரும்பறவனுக்குத் தோள்தான் முதல்ல தேயும். இது தேய்மானமே இல்லே. குமாஸ்தா தேய்மானம்!"

ராகவேந்திரன் கையோடு கொண்டுவந்திருந்த கார்பரேட்டரை அணைத்துக்கொண்டு தலையைக் குனிந்துகொண்டார்.

"தம்பி," என்றார் மாணிக்கவாசகம், மிகவும் கனிவாக. "புது டயருங்கிறது உரிமை இல்லை. அதைச் சம்பாதிக்கணும். தோள் தேயாத ஆளுக்கு இந்தச் சபா டயர் கொடுத்தா, நாளைக்கு எவன் வேணா மளிகை வாங்கப் போற வண்டிக்கும் கேப்பான். தோளைத் தேச்சு எடுத்துட்டு வாங்க."

"சார், மழை வருது. என் மனைவி மாசமா இருக்காங்க."

"அப்படியா! ரொம்ப சந்தோஷம். குழந்தை பேரை இப்பவே எழுதி வைங்க. பதினெட்டு வயசு ஆகிறப்போ இடம் ஏதாவது காலியாகும்."

மூவரும் கைதட்டினார்கள். வாட்ச்மேனும் தட்டினார், தட்டாவிட்டால் இன்னொரு தடவை தள்ளச் சொல்வார்கள் என்று.

தோளைத் தேய்ப்பது எப்படி? வைரவன் யோசித்தான். மாட வீதிகளில் நாலு முனையிலும் வேகமாகத் திரும்பலாம் என்று போனால், முதல் முனையில் கீரைக்காரி, இரண்டாவதில் மாடு, மூன்றாவதில் கொலு பொம்மை, நாலாவதில் அந்த மாட்டின் கன்று. எனவே ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் தி.நகருக்குப் போய்ப் பனகல் பார்க்கைச் சுற்றினான். கடைகள் திறக்குமுன் அங்கே கொஞ்சம் சாலை தெரியும். ஸ்டியரிங்கை ஒடித்துப் பிடித்தபடி, டயர் கிறீச்சிடச் சுற்றிக்கொண்டே இருந்தான். போக்குவரத்துக் காவலர் டீயைக் கீழே வைத்துவிட்டுக் குறுக்கே வந்தார்.

"இன்னா சார், விடிஞ்சதுலேர்ந்து ரவுண்டு ரவுண்டா போய்க்கினே கீற? வீட்ல எதனா பிரச்சினையா?"

"இல்ல சார். டயர் தேய்க்கிறேன்."

"எதுக்கு?"

"புது டயர் வாங்க."

காவலர் கிட்டே வந்தார். ஊதச் சொல்லி முகர்ந்து பார்த்தார். அபராதம் போட வந்தவர், மனசு கேட்காமல், "போய்த் தூங்கு நைனா" என்று சொல்லி அனுப்பினார்.

வீட்டுக்கு வந்தவனிடம் ரப்பர் கருகிய வாசனை அடித்தது. லாவண்யா குமட்டிக்கொண்டு ஜன்னலைத் திறந்தாள்.

"இடத்துக்காகக் கார் வாங்குனீங்க. இப்போ காருக்காகப் பார்க்கைச் சுத்துறீங்க. தூக்கிப் போட்டுட்டு வேற டயர் மாட்டுனா என்னங்க? இடம் போனா போகட்டுமே."

"அப்படிச் சொல்லாத லாவண்யா. நாளைக்குக் குழந்தையத் தூக்கிட்டு ஆஸ்பத்திரிக்கு ஓடணும்னா வீட்டுப் பக்கத்துல வண்டி நிக்க வேணாமா? உங்க ரெண்டு பேருக்காகத்தானே இத்தனையும்."

அவன் அதை உண்மையாகவே நம்பினான். அதுதான் கொடுமை. பொய் சொல்லியிருந்தால் அவளால் சண்டை போட்டிருக்க முடியும்.

அடுத்த கூட்டத்தில் அம்பி இடப்பக்க டயர்களைத் தடவிவிட்டுச் சொக்கிப்போனார். "பேஷ்! தோளா இது!" என்றார். வலப்பக்கம் வந்ததும் முகம் சுருங்கியது. அங்கே தோள் தேயவே இல்லை. பார்க்கை ஒரே திசையில் சுற்றினால் வெளிப்பக்கத்து டயர்தானே தேயும்? "ஒருதலைப்பட்சமான ஓட்டம்" என்று மாணிக்கவாசகம் குறிப்பெழுதச் சொன்னார். எதிர்த்திசையில் சுற்றிவிட்டு வர வேண்டும். அது ஒருவழிப் பாதை சார் என்றான் வைரவன். கலைக்கு எத்தனையோ இடையூறுகள் வரத்தான் செய்யும் என்றார் ராகவேந்திரன்.

லாவண்யா இதைக் கேட்டதும் ஒரு வினாடிகூட யோசிக்கவில்லை. "இடது டயர வலதுல மாட்டுங்க" என்றாள். கழற்றி மாட்ட அனுமதி தேவையில்லை என்பதால் அஸ்மத்துன்னிசாவும் செய்து கொடுத்தாள். மறு கூட்டத்தில் அம்பி வலப்பக்கம் தடவிப் பார்த்து, "இப்போ பூரணம்!" என்றார். இடப்பக்கம் அவர் வரவே இல்லை. அதைத்தான் போன தடவையே பார்த்தாயிற்றே.

ஐப்பசி பிறந்து மழை பிடித்துக்கொண்டது. லாவண்யாவுக்கு ஒன்பதாம் மாதம். பேருந்தில் ஒருநாள் மயங்கி உட்கார்ந்தவள், விடுப்பு எடுத்துக்கொண்டு வீட்டோடு இருந்தாள். தி.நகரிலிருந்து அவள் அம்மா தங்கபுஷ்பம் தினமும் போன் செய்து, "நான் வந்து கூட்டிட்டுப் போறேன் தாயி" என்பாள். இவள், "டயர் வந்துரட்டும்மா" என்பாள். புருஷனை விட்டுக்கொடுக்காத பெண். அவன் சொன்னதைச் செய்துவிடுவான் என்று இன்னும் நம்பிக்கொண்டிருந்தாள்.

கடைசியில் சபா டயரை நிர்ணயித்தது. அதற்கு ஒரு விழா. சலவைக்கல் பீடத்தில் சந்தனப்பொட்டு வைத்து ஒரு டயர் நின்றது. வைரவனுக்குப் பொன்னாடை. டயருக்கும் பொன்னாடை; அது சற்று விலை கூடியது. மாணிக்கவாசகம் பேசினார்.

"இந்தச் சபாவில் நாங்கள் யாரும் வேகமாகப் போனதில்லை. எங்களில் பலருக்குக் கண்பார்வை சரியில்லை. எனக்கு மூட்டுவலி. இருந்தும் இத்தனை ஆண்டுகளாக வேகத்தின் தரத்தை விட்டுக்கொடுக்காமல் காப்பாற்றி வருகிறோம். எப்படி? போகிறவனைத் தடுத்துத்தான்!"

பலத்த கைதட்டல். வைரவன் டயரைத் தடவிப் பார்த்தான். வழவழவென்று இருந்தது.

"சார், இதுல வரியே இல்லையே. பள்ளம் எங்கே?"

"பள்ளம் எதுக்கு?" என்றார் ராகவேந்திரன்.

"தண்ணி போறதுக்கு. மழையில பிடிக்க."

"இது பந்தயத் தடத்து டயராக்கும்! காய்ஞ்ச தரையில ஓடினா அப்படியே கவ்விப் பிடிக்கும். மழை வந்தா வண்டியை எடுக்கப்படாது."

"கார்த்திகை முடியறவரைக்கும் மழைதானே சார்?"

"தை பொறக்கட்டும். எடுங்கோ."

பழைய டயர் தேய்ந்து மொட்டையானது. புதிய டயர் பிறவி மொட்டை. இந்த ஒரு முன்னேற்றத்துக்கு இரண்டு மாதம் ஆயிற்று. அஸ்மத்துன்னிசா டயரை மாட்டிவிட்டு, வானத்தை ஒருமுறை அண்ணாந்து பார்த்தாள். வண்டி தெருவுக்கு வந்ததும் லாவண்யா பால்கனியிலிருந்து அதைப் பார்த்துவிட்டு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

வலி எடுத்தது ஒரு காலை நேரம். கச்சேரி ரோட்டில் கணுக்கால் தண்ணீர். செல்போனில் கூப்பிட்ட வண்டி எதுவும் வரவில்லை. வைரவன் லாவண்யாவைக் குடைபிடித்துச் சபா மைதானத்துக்கு அழைத்து வந்து, காரில் உட்காரவைத்து, கேட்டை நோக்கி மெதுவாக நகர்த்தினான். கேட்டில் மாணிக்கவாசகம் நின்றிருந்தார். மழை பெய்தால் யாராவது விதியை மீறி வண்டியை எடுப்பார்களோ என்று, மூட்டுவலியோடு காவலுக்கு வந்திருந்தார். குடையை ஒரு கையிலும் அதிகாரத்தை மறுகையிலும் நீட்டி, "நிறுத்துங்க!" என்றார்.

வைரவன் நிறுத்தத்தான் செய்தான். பிரேக்கை அழுத்தி மிதித்தான். மனிதன் நடக்கிற வேகத்தில் வந்த கார், ஈரத் தரையில் சோப்பு மாதிரி, அவசரமே இல்லாமல் வழுக்கிப் போய்த் தலைவரின் இடது கால்மேல் ஏறி நின்றது.

ராகவேந்திரனும் அம்பியும் ஓடி வந்தார்கள். வைரவன் காரைப் பின்னால் தள்ளிக் காலை விடுவித்தான். மாணிக்கவாசகம் தண்ணீரில் கிடந்து அலறினார். அம்பி குனிந்தார். குனிந்து டயரைப் பார்த்தார்.

"தோள் சூடாகவே இல்லையே," என்றார் கவலையோடு. "ராகவேந்திரன், குடையை இப்படிப் பிடியும். டயர் நனையறது."

தலைவருக்காக நீட்டிய குடை டயருக்குப் போனது. வழுக்கல் கோணம் எவ்வளவு என்பதில் இருவருக்கும் கருத்து வேறுபாடு. தலைவரைக் கேட்டார்கள். அவரால் சரியான பதில் சொல்ல முடியவில்லை.

லாவண்யா கதவைத் திறந்து, தண்ணீரில் இறங்கி, தெருவில் வந்த ஆட்டோவைக் கை காட்டி நிறுத்தினாள். ஓட்டியவள் ருக்சார் என்ற பெண். ஒரே பார்வையில் புரிந்துகொண்டு, "ஏறு கண்ணு, பயப்படாத, நான் கீறேன்" என்றாள். வைரவனும் ஒரு காலை ஆட்டோவில் வைத்தான்.

"வைரவன்!" என்று கத்தினார் ராகவேந்திரன். "வண்டியைக் கேட்ல விட்டுட்டுப் போனா இடம் ரத்து. விதி தெரியுமோன்னோ?"

வைரவன் லாவண்யாவைப் பார்த்தான். காரைப் பார்த்தான். காலை எடுத்துக்கொண்டான்.

"நீ முன்னாடி போ லாவண்யா. வண்டிய உள்ள விட்டுட்டுப் பின்னாலயே வந்துடறேன்."

"இன்னா மனுசன்யா நீ," என்றாள் ருக்சார். ஆட்டோ தண்ணீரைக் கிழித்துக்கொண்டு போனது.

உள்ளே விடுவது லேசாக இல்லை. மைதானத்துச் சேற்றில் பள்ளமில்லாத சக்கரங்கள் நின்ற இடத்திலேயே சுழன்றன. வாட்ச்மேன் தள்ளினார். தலைவரை ஏற்றிப் போக வந்த ஆம்புலன்ஸ்காரர்களும் ஒரு கை கொடுத்தார்கள். கார் அதன் கோட்டுக்குள் நின்றபோது, அடையாறு ஆஸ்பத்திரியில் பெண் குழந்தை பிறந்து, குளிப்பாட்டிச் சுற்றி வைத்தாயிற்று.

சேற்றோடு வந்து நின்றவனைப் பார்த்து நர்ஸ், "இவர் யாரும்மா?" என்றாள்.

"பார்க்கிங் கிடைச்சவரு" என்றாள் லாவண்யா.

அதன்பிறகு அவன் தினமும் வந்தான். அவன் கேட்டதற்கு மட்டும் அவள் பதில் சொன்னாள். குழந்தையை அவன் கையில் கொடுத்தாள், திரும்ப வாங்கிக்கொண்டாள். தங்கபுஷ்பம் மூலையில் உட்கார்ந்து வெந்நீர் பிளாஸ்கையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

மாணிக்கவாசகமும் அதே ஆஸ்பத்திரியில்தான், இரண்டு மாடி மேலே, காலைத் தூக்கிக் கட்டி. லாவண்யாவை வீட்டுக்கு அனுப்புகிற நாளன்று சபா அவர் கட்டிலைச் சுற்றிக் கூடியது. வைரவனை அழைத்திருந்தார்கள். தன்னை நீக்கப்போகிறார்கள் என்றே நினைத்து ஏறிப்போனான்.

"தலைவர் இனிமே கிளட்ச் மிதிக்கப்படாதுன்னுட்டார் டாக்டர்," என்றார் ராகவேந்திரன். "அவரோட இடம் காலி. மரத்து நிழல் இடம், உங்க இடத்துக்குப் பக்கத்துலயேதான். வழுக்கலிலேயும் ஒரு நிதானம் காட்டினேள்னு அம்பி எழுதியிருக்கார். கட்டின மனைவியை அனுப்பிட்டு வண்டியோட நின்னேளே, அதைப் பார்த்து நேக்குக் கண்ணுல ஜலம் வந்துடுத்து. அந்த இடமும் உங்களுக்குத்தான்."

மாணிக்கவாசகம் கட்டிலிலிருந்தே பொன்னாடை போர்த்தினார். வைரவன் மனசுக்குள் கணக்குப் போட்டான். மயிலாப்பூரில், பக்கத்துப் பக்கத்தில், இரண்டு இடம்! பாத்திரக்கடைப் பரம்பரையில் யாருக்கும் வாய்க்காதது. லாவண்யாவிடம் சொல்ல, பொன்னாடையைக்கூடக் கழற்றாமல் இரண்டு மாடியும் இறங்கி ஓடினான்.

கட்டிலில் புது உறை மாற்றிக்கொண்டிருந்தாள் நர்ஸ்.

"அவங்க அம்மா கூட்டிட்டுப் போயிட்டாங்களே சார். தி.நகருக்கு. நீங்க கேட்டா, வர வேணாம்னு சொல்லச் சொன்னாங்க."

வைரவன் வெளியே பார்த்தான். மழை விடவில்லை.

"எதுல போனாங்க?"

"ஆட்டோல. ஒரு லேடி ஓட்டிட்டு வந்தாங்க."

அவன் வாசலுக்குப் போனவன், பொன்னாடையை இழுத்துவிட்டுக்கொண்டு திரும்பி வந்தான். உண்மையான கவலையோடுதான் கேட்டான்.

"டயர் எப்படி இருந்துச்சு, பாத்தீங்களா?"

நர்ஸ் தலையணையைத் தட்டிப் போட்டாள்.

"ரவுண்டா இருந்துச்சு சார்" என்றாள்.